பின்னலும் பிரிவும்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



பிரபஞ்சத்திலுள்ள யாவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்பதைக் குவாண்டம் விஞ்ஞானம் நிரூபித்துவிட்டதென மேடைகளிலே அடிக்கடி கேட்கின்றோம். இக்கூற்று எவ்வளவு தூரம் மெய்யானது? பௌதிகம் பயிலும் மாணாக்கராகிய நாம் இதனை ஆராயக் கடமைப்பட்டுள்ளோம்.

முதலிற் பின்னல் யாதென அறிதல் வேண்டும். ஒரு சோடிச் செருப்பை இரு பெட்டிகளிற் பிரித்து வைப்போம். ஒரு பெட்டியைத் திறந்து இடக்காற் செருப்பைக் கண்டால், மற்றது வலக்காலுக்குரியதென உடனே சொல்லிவிடலாம். இது பின்னலன்று, முன்னரே தீர்ந்துபோன பொருத்தம். இத்தகைய பொருத்தத்தால் முற்றாக விளக்கக்கூடிய நிலையைப் பிரிபடு நிலை என்போம். 1935இல் சுரோடிங்கர் பெயரிட்ட பின்னலோ இதனினும் இறுக்கமானது. முன்தீர்ந்த பொருத்தத்தால் தாண்டவியலாத ஓர் எல்லையை 1964இல் ஜோன் பெல் கணித்தார். பின்னிய துணிக்கைகள் அவ்வெல்லையைத் தாண்டுவதைச் சோதனைகள் காட்டின. அதற்காக அஸ்பே, கிளவுசர், சைலிங்கர் ஆகிய மூவரும் 2022இல் நோபெல் பரிசு பெற்றனர்.

இனி, எழுமாறாக எடுத்த நிலை எத்தகையது? இவ்விரண்டு அடிப்படை நிலைகளையுடைய பத்துத் துணிக்கைகளைக் கொள்வோம். தொகுதி முழுவதையும் விவரிக்க 1024 எண்கள் வேண்டும். துணிக்கைகள் தனித்தனியே நிற்பின் 20 எண்களே போதும். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிலையைத் தெரிந்தெடுப்பின், அது பின்னிய நிலையாகவே இருக்கும். இவ்வளவில் மேடைப்பேச்சு மெய்போலத் தோன்றுகிறது.

ஆனால், முழுத் தொகுதியின் பின்னல் வேறு. அதனுள்ளே இரு சிறு பகுதிகளுக்கிடையிலான பின்னல் வேறு. ஒப்ரன், சாரெக், யே என்னுங் கணித அறிஞர் மூவர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்குகிறது. துணிக்கைகள் பல சேர்ந்த தொகுதி எழுமாறான நிலையில் இருக்கட்டும். அதிலிருந்து சம அளவான இரு குழுக்களை எடுத்து, எஞ்சியவற்றை விட்டுவிடுவோம். ஒவ்வொரு குழுவும் மொத்தத்தின் ஐந்திலொரு பங்கினும் போதியளவு பெரிதாயின், இரண்டும் அநேகமாகப் பின்னியிருக்கும். போதியளவு சிறிதாயின், அநேகமாகப் பிரிபட்டிருக்கும். 1000 துணிக்கைகளில் 300 கொண்ட குழுக்கள் இரண்டு பின்னியிருக்கும். 100 கொண்டவை பிரிபட்டிருக்கும்.

இதற்குக் காரணம் யாது? சிறு குழு ஒவ்வொன்றும் எஞ்சிய பெருங்கூட்டத்தோடு பின்னிவிடுகிறது. ஒன்றோடு முற்றாகப் பின்னிய துணிக்கை வேறொன்றோடு பின்னுதல் இயலாது என்பது குவாண்டம் விதி. எங்கும் பரந்த பின்னல் அருகிலுள்ள இருவருக்கு மிஞ்சுவதில்லை.

குவாண்டம் கணனி அமைப்போர் படும் பாடும் இதுவே. பின்னலை உண்டாக்குவதிலும் அதனைச் சுற்றாடல் கவர்ந்துகொள்ளாமற் காப்பதே அரிது. மீகடத்திகளாலான கணனிகளைத் தனிப்பூச்சியத்துக்கு மிக அண்மையிற் குளிர்விப்பதும் இதன்பொருட்டேயாம்.

அன்பர்களே! “எல்லாம் ஒன்றே” என்னும் மெய்ஞ்ஞானத்துக்கு விஞ்ஞானத்தின் சாட்சிப்பத்திரம் வேண்டியதில்லை. விஞ்ஞானம் சொல்லாததைச் சொன்னதாகக் கூறுவது இரண்டுக்கும் இழுக்காகும். வியப்பான செய்தியொன்றைக் கேட்டால், அதன் கணக்கையும் கேட்போமாக. அவ்வழக்கம் நம் வாலிபரிடையே வேரூன்றுமாயின் இன்றைய பேச்சு பயனுடைத்து.