சிவப்புக் கோடு போட்ட அட்டை



"தொண்டை கரகரங்குது, சளியும் இருக்கு. இதே மாத்திரையில நாலு குடுங்க." மருந்துக் கடை வாசலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. நீட்டுகிற கையில் கசங்கிய அமாக்ஸிசிலின் அட்டை. அதன் ஓரத்தில் நெடுக்காக ஒரு சிவப்புக் கோடு ஓடும். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்பதற்கு அடையாளம் அது.

அமாக்ஸிசிலின் பென்சிலின் குடும்பத்து மருந்து. பாக்டீரியா தன்னைச் சுற்றி எழுப்பும் சுவரை எழுப்பவிடாமல் செய்து அதைக் கொல்கிறது. சாதாரணச் சளியைத் தருவதோ வைரஸ். அதற்கு அப்படி ஒரு சுவரே கிடையாது. சளி தானாக வடியும். பெயரை மாத்திரை தட்டிக்கொண்டு போகும்.

டாக்டர் அமாக்ஸிசிலின் எழுதும்போது, முன்பு பென்சிலின் வகை மருந்தால் உடம்பில் தடிப்பு வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் சொல்லுங்கள். மருந்து சாப்பிட்டபின் உதடு, முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த வேளைக்கு இரண்டாகப் போட வேண்டாம்.

தாய்மார்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கான அமாக்ஸிசிலின் பெரும்பாலும் பாட்டிலில் பொடியாகத்தான் வரும். பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்த்துவிட்டு, கொதித்து ஆறிய தண்ணீரைப் பாதி ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கட்டும். பிறகு பாட்டிலில் போட்டிருக்கும் கோடு வரை ஊற்றி மறுபடி குலுக்குங்கள். நுரையோடு பார்த்தால் கோடு ஏமாற்றிவிடும். தண்ணீர் குறைந்து, மருந்து கெட்டியாகிவிடும். கொடுக்கும் ஒவ்வொரு வேளையும் குலுக்க வேண்டும். சமையலறைக் கரண்டி வேண்டாம், பாட்டிலோடு வரும் அளவு மூடியே சரி. கரைத்த மருந்து லேபிளில் போட்டிருக்கும் நாள் வரைதான் தாங்கும். அடுத்த காய்ச்சலுக்கு ஆகும் என்று ஃப்ரிட்ஜில் பத்திரப்படுத்தாதீர்கள்.

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-இல் நோபல் பரிசு உரையிலேயே எச்சரித்தார்: குறைந்த அளவு மருந்து கிருமியைக் கொல்லாது, எதிர்க்கப் பழக்கிவிடும் என்று. அப்படிப் பழகிய கிருமி ஒருவர் உடம்போடு நிற்பதில்லை. பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தைக்கும் தொற்றும். டாக்டர் ஐந்து நாள் என்றால் ஐந்து நாள். இடையில் நிறுத்துவதானாலும் அவரைக் கேட்டு நிறுத்துங்கள்.

வீட்டு அலமாரியை இன்று ஒருமுறை திறந்து பாருங்கள். சிவப்புக் கோட்டோடு மிச்ச மாத்திரை கிடந்தால், தயவுசெய்து யாருக்கும் கொடுக்காதீர்கள், நீங்களும் போடாதீர்கள்.