கால்நடை மருந்தகமும் கால்நடை வளர்ப்போரும்



குடியானவன் வீட்டில் மாடும் ஆடும் கோழியும் நாயும் வெறும் பிராணிகள் அல்ல. அவை அக்குடும்பத்தைச் சேர்ந்தவை. நிலமில்லாத ஏழைக்குக் கறவை மாடே நிலம். பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் பெண்ணின் சீர்வரிசைக்கும் பட்டியில் நிற்கும் ஆடுகளே சேமிப்பு. அத்தகைய ஜீவன் ஒன்று தீவனத்தை விட்டுத் தலையைத் தொங்கவிட்டு நிற்கும்பொழுது வீடு முழுவதும் கலங்குகிறது. அப்பொழுது நாம் நாடிச் செல்லும் இடம் கால்நடை மருந்தகம். அங்கே மக்கள் பெறும் அனுபவம் எத்தகையது, அது நல்ல அனுபவமாக அமைய நாமும் நம் பஞ்சாயத்தும் செய்யத்தக்கவை யாவை என்பன குறித்து இன்று சில கருத்துகளைக் கூற விரும்புகிறோம்.

கால்நடை வளர்ப்போரைக் கேட்டால் அவர்கள் கூறும் அனுபவங்கள் இருவகையாக இருக்கும். “டாக்டர் கைராசிக்காரர், சாகக் கிடந்த மாட்டை எழுப்பிவிட்டார்” என்பர் ஒரு சாரார். “ஓட்டிக்கொண்டு போனோம், டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார், மருந்தை வெளியில் வாங்கச் சொன்னார்கள், மாடும் பிழைக்கவில்லை” என்பர் மற்றொரு சாரார். ஒரே மருந்தகத்தைப் பற்றியே இவ்விரு பேச்சும் எழுவதுண்டு. இதன் காரணத்தை ஆராய்ந்தால், வேறுபாடு பெரும்பாலும் மருந்தில் இல்லை, காலத்தில்தான் இருக்கிறது என்பது விளங்கும். முன்னவர் நோய் கண்ட அன்றே சென்றவர். பின்னவர் கைவைத்தியம் பார்த்து, மந்திரித்துக் கயிறு கட்டி, அக்கம்பக்கத்தார் சொன்னதையெல்லாம் செய்து முடித்து, மூன்றாம் நாள் சென்றவர்.

காலத்தின் அருமை

இதற்கு வயிற்று உப்புசம் ஒன்றே தக்க சான்று. மாட்டுப் பொங்கலன்று அன்பு மிகுதியால் பொங்கலையும் சோற்றையும் கஞ்சியையும் அளவின்றி ஊட்டிவிடுகிறோம். வைக்கோலும் புல்லும் செரிப்பதற்கென அமைந்த பெருவயிற்றில் அரிசிச் சோறு விரைந்து புளித்து அமிலமாகிறது. அசைபோடுதல் நின்றுவிடுகிறது, வயிறு உப்புகிறது, மாடு தள்ளாடிப் படுத்துவிடுகிறது. உப்புசம் மிகுந்தால் வயிறு நுரையீரலை நெருக்குவதால் மூச்சுத் திணறும். சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து நேரக்கூடும். அதற்குள் டாக்டர் வந்தால் குழாய் செலுத்தியோ, இடப்பக்க விலாவின் பின்னுள்ள பள்ளத்தில் உரிய கருவியால் துளையிட்டோ காற்றை வெளியேற்றி, அமிலத்தை மாற்றும் மருந்தும் கொடுப்பார். மறுநாள் காலை என்று ஒத்திப்போட்டால், எத்தனை சிறந்த டாக்டராயினும் அவரால் ஆவது ஒன்றுமில்லை.

இத்தகைய வேளையில் தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயால் எண்ணெயும் கஷாயமும் புகட்டுவது பல ஊர்களில் வழக்கம். சோர்ந்த மாட்டுக்கு இவ்வாறு புகட்டினால் மருந்து புரையேறி நுரையீரலில் இறங்குவதுண்டு. பிறகு உப்புசம் நீங்கினும் நிமோனியா காய்ச்சல் உயிரைக் கொண்டுபோகும். நாட்டு வைத்தியத்தை நாம் இகழவில்லை. ஆனால் விழுங்க இயலாத பிராணியின் வாயில் எதையும் ஊற்றலாகாது என்பதை ஒவ்வொரு வீட்டிலும் அறிந்திருத்தல் அவசியம்.

நாம் எடுத்துச் செல்ல வேண்டியவை

மனித நோயாளி தன் நோயைத் தானே கூறுவான். வாயில்லா ஜீவனுக்காக அதனை வளர்ப்பவரே பேசுதல் வேண்டும். எனவே, நோயுற்ற பிராணியோடு அதனைப் பற்றிய செய்திகளையும் எடுத்துச் செல்வது நம் கடமை. தீவனம் எப்பொழுது நின்றது? அசைபோடுகிறதா? சாணம் எவ்வாறு இருக்கிறது? பால் எவ்வளவு குறைந்தது? கன்று ஈன்று எத்தனை நாள்? கடைசியாக எதை மேய்ந்தது? இவற்றுக்குத் திட்டமான விடை கிடைப்பின் டாக்டரின் வேலையில் பாதி முடிந்ததாகும். மழையின்றி வாடிய இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு நஞ்சேறித் துடிக்கும்பொழுது, “சோளக்கொல்லையில் இறங்கிற்று” என்னும் ஒரு சொல்லே சரியான மாற்று மருந்தை உடனே செலுத்த வழி செய்யும். பிறர் கொல்லையில் மேய்ந்ததை வெளியே சொல்ல வெட்கி மறைத்தால் நஷ்டம் நம்முடையதே.

மருந்தகத்தில் கொடுத்த சீட்டுகளைத் தூக்கியெறியாமல் ஒரு பையில் சேர்த்து வைத்தல் நன்று. ஊசி போட்ட பின், எத்தனை நாள் பாலை விற்கலாகாது என்று கேட்டறிய வேண்டும். மடிநோய்க்குச் செலுத்தும் மருந்து பாலிலும் கலந்து வருமாதலால் அந்நாள்களில் அப்பாலைக் குழந்தைகளுக்கும் கொடுக்கலாகாது. கூட்டுறவுச் சங்கத்திலும் ஊற்றலாகாது.

செயற்கை முறைக் கருவூட்டல் பற்றியும் குறை கூறுவோர் உண்டு. “மூன்று முறை சினை ஊசி போட்டும் மாடு நிற்கவில்லை” என்பது அடிக்கடி நாம் கேட்கும் பேச்சு. பசு ஏறத்தாழ 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வருகிறது. அந்தப் பருவமும் ஒரு நாளுக்குள் கழிந்துவிடும். காலையில் பருவ அறிகுறி கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் கருவூட்டுவதே ஏற்ற முறை. அறிகுறி தெரிந்து இரண்டாம் நாள் மாட்டை ஓட்டிச் சென்றால் ஊசியைக் குறை கூறிப் பயனில்லை. காலண்டரில் தேதியைக் குறித்து வைத்து, மூன்றாம் மாதம் சினைப் பரிசோதனை செய்துகொள்வது நலம். உரிய நாளில் சென்றும் சினை பிடிக்காவிடில், கருப்பையில் நோயோ உணவில் தாதுக் குறைவோ இருக்கிறதா என்று பரிசோதிக்குமாறு கேட்க வளர்ப்போருக்கு முழு உரிமையுண்டு.

தடுப்பூசியின் வெற்றி

நோய் வந்தபின் ஓடுவதைக் காட்டிலும் வருமுன் காத்தல் மேலானது. வெக்கை நோய் என்ற பெயரைக் கேட்டாலே நம் முன்னோர் நடுங்கினர். ஊர் மந்தை முழுவதையும் ஒரு வாரத்தில் வாரிக்கொண்டு போன கொள்ளைநோய் அது. அந்நோயை ஒழிக்க 1954ஆம் ஆண்டில் நம் நாட்டில் பெருந்திட்டம் தொடங்கப்பெற்றது. தடுப்பூசி போடுவோர் ஊர் ஊராக நடந்து மாடுகளைத் தேடி ஊசி போட்டனர். 1995ஆம் ஆண்டுக்குப் பின் இந்தியாவில் அந்நோய் தோன்றவில்லை. 2011ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலுமே அது ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. மனிதரிடையே பெரியம்மை ஒழிந்ததற்கு அடுத்தபடியாக உலகினின்று அறவே நீங்கிய நோய் இதுவே. 1903ஆம் ஆண்டில் வேப்பேரியில் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரியும், 1932ஆம் ஆண்டு முதல் தடுப்பு மருந்துகளைச் செய்துவரும் இராணிப்பேட்டை நிலையமும் நம் மாநிலத்துக் கால்நடைகளுக்கு ஆற்றிய தொண்டு சிறிதன்று.

இன்று நம்முன் நிற்பது கோமாரி. இதற்கென 2019ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாடுகளுக்கும் எருமைகளுக்கும் தடுப்பூசி போடப்படுகிறது. “ஊசி போட்டால் பால் குறையும்” என்று மாட்டை மறைத்து வைப்போர் இன்றும் உளர். ஓரிரு நாள் சிறிது குறைவது உண்மையே. ஆனால் அது மீண்டும் வந்துவிடும். கோமாரி கண்ட மாடோ வாயும் குளம்பும் புண்ணாகி வாரக்கணக்கில் கறவை இழக்கும். பிழைத்தாலும் பழைய பலம் பெறாமற் போவதுண்டு. நிறைசினையாக உள்ள மாட்டைப் பற்றி மட்டும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் கூறுவதுபோல் நடக்க வேண்டும். ஊரில் பத்து மாடு விடுபட்டால் அப்பத்தும் நோய்க்குத் திறந்துவைத்த வாயில்களாகும்.

வெறிநோயும் அடைப்பானும்

இனி நாம் கூறப்போவது மனித உயிரைப் பற்றியது. நாயை வளர்ப்போர் அதற்குச் சோறு போடுவதோடு கடமை தீர்ந்ததாக எண்ணலாகாது. குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் டாக்டர் கூறும் நாளிலும் ஆண்டுதோறும் தவறாமல் போட்டுவர வேண்டும். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால், மனிதராயினும் பிராணியாயினும், அநேகமாகப் பிழைப்பதில்லை. எனவே நாய் கடித்தவுடன் புண்ணைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குச் சென்று, குறித்த நாள்களில் எல்லா ஊசிகளையும் போட்டுக்கொள்ள வேண்டும். மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும் அப்புவதால் காலமே வீணாகும்.

மாட்டுக்கும் வெறிநோய் வரும் என்பதைப் பலர் அறியார். வெறிநாய் கடித்த மாடு நோய் முற்றியதும் வாயில் எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் நிற்கும். தொண்டையில் மாங்கொட்டையோ கிழங்கோ சிக்கியதென்று எண்ணி, வளர்ப்பவர் கையை உள்ளே விட்டுத் துழாவுவார். அந்த எச்சிலில்தான் நோய்க்கிருமி இருக்கிறது. கையிலுள்ள சிறு கீறல் ஒன்றே அது உடலில் நுழையப் போதும். ஆதலின் காரணமின்றி எச்சில் ஒழுக்கும் மாட்டின் வாயில் கையிடாது டாக்டருக்குச் சொல்லியனுப்புக. மாட்டை நாய் கடித்தால் அன்றே மருந்தகத்தில் தெரிவிக்குக. கடித்த பின்னும் உடனே தொடங்கும் ஊசிகளால் அதனைக் காக்க வழியுண்டு.

அவ்வாறே, நன்றாயிருந்த மாடு திடீரென இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் கறுத்த இரத்தம் கசிந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அதன் தோலை உரிக்கவோ உடலை அறுக்கவோ கூடாது. அறுத்தால் கிருமிகள் மண்ணில் கலந்து பல்லாண்டு உயிரோடிருந்து மேயும் மாடுகளைக் கொல்லும், மனிதரையும் தாக்கும். டாக்டருக்கு அறிவித்து, ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைப்பதே முறை.

பஞ்சாயத்தின் பங்கு

இதுகாறும் வளர்ப்போரின் கடமையைக் கூறினோம். மருந்தகத்தின் மீது மக்கள் கூறும் குறைகளையும் தள்ளிவிடுவதற்கில்லை. ஒரு டாக்டர் பல கிராமங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவர் முகாமுக்குச் செல்லும் நாள் எதுவென்று மக்களுக்குத் தெரியாவிடில், நான்கு மைல் மாட்டை ஓட்டி வந்தவர் வெறுங்கையோடு திரும்ப நேரிடும். அவருடைய மனக்கசப்பு நியாயமானதே. இக்குறையைத் தீர்க்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பஞ்சாயத்து மனம் வைத்தால் போதும்.

1992ஆம் ஆண்டில் அரசியல் சட்டத்தில் செய்த 73ஆவது திருத்தத்தின்படி, பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கத்தக்க பொருள்களின் பட்டியலில் கால்நடை வளர்ப்பும் பால்பண்ணையும் கோழி வளர்ப்பும் இடம்பெற்றுள்ளன. ஆதலின் இது பஞ்சாயத்துக்குச் சம்பந்தமில்லாத காரியம் அன்று. மருந்தகம் திறந்திருக்கும் நேரத்தையும், டாக்டர் வெளியூர் செல்லும் நாள்களையும், நடமாடும் மருத்துவ ஊர்தியை அழைக்கும் 1962 என்னும் எண்ணையும் பலகையில் எழுதி, பால் சங்கத்திலும் ரேஷன் கடையிலும் மாட்டி வைக்கலாம். தடுப்பூசி முகாமை முதல் நாளே ஒலிபெருக்கியில் அறிவித்து, மாடுகள் மேய்ச்சலுக்குப் போகுமுன் அதிகாலையில் நடத்துமாறு கேட்டுக்கொள்ளலாம். மருந்தகத்தின் முன் நிழலுக்கு இரண்டு புங்க மரமும், ஒரு தண்ணீர்த் தொட்டியும், மிரளும் மாட்டை நிறுத்திக் கட்ட உறுதியான மரச் சட்டமும் அமைக்கலாம். இறந்த பிராணிகளைப் புதைக்க ஓர் இடத்தை ஒதுக்கலாம். இறைச்சிக் கழிவுகளைத் தெருவில் கொட்டாமல் தடுத்தால் திரியும் நாய்களும் குறையும்.

கிராம சபை கூடும் நாளில் கால்நடை டாக்டரையும் அழைத்துக் குறைகளை நேரில் கூறுதல் நன்று. “அங்கே ஒன்றும் சரியில்லை” என்று பொதுவாகக் கூறுவதில் பயனில்லை. எந்த நாள், எந்த நேரம், எந்த மருந்து இல்லை என்று திட்டமாகக் கூறினால் டாக்டரும் மேலதிகாரிகளுக்கு எழுதிப் பெற ஏதுவாகும். குறையைச் சொல்வது போலவே, நள்ளிரவில் வந்து கன்றை எடுத்துக் காத்தவரை அச்சபையில் பாராட்டுவதும் நம் கடமையாகும்.

மருந்தகக் கட்டிடத்தை அரசாங்கம் கட்டித் தரலாம். டாக்டரையும் மருந்தையும் அனுப்பலாம். ஆனால் மாடு நோயுற்ற முதல் மணி நேரத்தில் தொழுவத்தில் அதன் அருகே நிற்பவர் வளர்ப்பவரே. அவர் அந்நேரத்தில் எடுக்கும் முடிவே பெரும்பாலும் அதன் உயிரைத் தீர்மானிக்கிறது. விரைந்து செல்வோம், விவரம் சொல்வோம், ஊசி நாளைத் தவறவிடாதிருப்போம். இவற்றை நம் ஊரில் வழக்கமாக்கும் பொறுப்பைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஏற்பார்களாக என்று வேண்டி இவ்வுரையை முடித்துக்கொள்கிறோம்.