பிழை கட்டுவதா, வழக்காடுவதா?

(நம் சங்கத்தின் திருவனந்தபுரம் மாதக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



வேகமாக வண்டி ஓட்டியதாக அபராத நோட்டீஸ் வந்தால் கட்டிவிடுவதா, எதிர்த்து நிற்பதா என்பதுதான் இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள். மொழி உரிமையும் ரேஷன் கார்டும் தமிழ்ப் பள்ளியும் பேசுகிற மேடையில் இது ஒரு விஷயமா என்று சிலர் நினைக்கலாம். நம்மில் எத்தனை பேர் வண்டியை நம்பிப் பிழைக்கிறோம் என்று இந்த அரங்கிலேயே எண்ணிப் பாருங்கள். ஒட்டன்சத்திரத்துக் காய்கறியும் தோவாளைப் பூவும் இந்த நகரத்துக்குத் தானாகவா நடந்து வருகின்றன?

அபராதத்துக்கு மலையாளத்தில் 'பிழ' என்று பெயர். "பிழ அடைச்சோ?" என்று ஆபீசில் கேட்டால், நம் ஆள் காதில் 'பிழை' என்று விழுகிறது. பிழை செய்துவிட்டோம் போலிருக்கிறது என்று தலையைக் குனிந்து பணத்தைக் கட்டிவிட்டு வருகிறான். பிழை செய்தானா இல்லையா என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்கிறேன்.

2023 ஜூன் 5 முதல் கேரளத்தில் புதிய காமிராக்களைக் கொண்டு அபராதம் போடத் தொடங்கினார்கள். மொத்தம் 726 காமிராக்கள். ஊரெல்லாம் அதை 'வேகக் காமிரா' என்று பேசியது. உண்மையில் அந்த 726-இல் வேகத்தை அளக்க வைத்தவை எட்டே எட்டு. நாலு நிலையாக நிற்பவை, நாலு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகிறவை. 675 காமிராக்கள் ஹெல்மெட், சீட் பெல்ட், கைப்பேசி இவற்றுக்கானவை. இவை போக போலீசாரிடம் வேகம் அளக்கும் கருவிகள் தனியே உண்டு. ஆகவே நோட்டீஸ் வந்தவுடன், எந்தக் குற்றத்துக்கு வந்தது என்று படியுங்கள். ஹெல்மெட் இல்லாததற்கு 500 ரூபாய் என்றால் அதற்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. வேகத்துக்கு என்றால் 2019 மாற்றத்துக்குப் பிறகு கேரளத்தில் கார், சிறு வண்டிகளுக்கு 1500, நடுத்தர, கனரக வண்டிகளுக்கு 3000.

இன்னொரு எச்சரிக்கை. கைப்பேசியில் வருகிற எல்லாச் செய்தியும் சர்க்கார் அனுப்பியது அல்ல. 'அபராதம் பார்க்க இதை அழுத்து' என்று வாட்ஸ்அப்பில் வருவதை அழுத்தி வங்கிப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள். அங்கே இல்லையென்றால் அழுத்தச் சொன்ன செய்தியை நம்ப வேண்டாம்.

சரி, நோட்டீஸ் உண்மையானதே. இப்போது படத்தைப் பாருங்கள். வண்டி உங்களுடையதா? எண் பலகையில் சேறு படிந்திருந்தால் ஓர் எழுத்து மாறிப் படிக்கப்படலாம். இடம், தேதி, நேரம் எழுதியிருக்கிறார்களா? அந்த நேரத்தில் வண்டி வேறு ஊரில் நின்றதற்குச் சீட்டு இருக்கிறதா? அடுத்து, அந்தச் சாலைக்கு எல்லை எவ்வளவு? 2023 ஜூலை 1 முதல் கேரளத்தில் வேக எல்லைகளை மாற்றினார்கள். காருக்கு நகரத்துக்குள் 50 கிலோமீட்டர், நாலு வழித் தேசிய நெடுஞ்சாலையில் 100, மற்றத் தேசிய நெடுஞ்சாலைகளிலும் எம்.சி. ரோட்டிலும் 90. இருசக்கர வண்டிக்கு மேல் எல்லை 70-இலிருந்து 60 ஆகக் குறைந்தது. எல்லோரும் ஏறிற்று ஏறிற்று என்று கொண்டாடியபோது, பைக்கில் போகிற நம் பையன்களுக்கு மட்டும் இறங்கியதை யாரும் சொல்லவில்லை! களியக்காவிளையிலிருந்து கரமனைக்கு வருகிற ஒரே ஓட்டத்தில் நெடுஞ்சாலை, கடைத்தெரு, நகராட்சி எல்லை என்று மாறி மாறி வருகிறது. காமிரா நின்ற இடத்தில் எந்த எல்லை பொருந்தும் என்பதே பல வழக்குகளின் உயிர்.

சட்டம் நமக்கு என்ன தருகிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவைப் படித்தால் ஒரு நல்ல வாசகம் இருக்கிறது. ஒரே ஒரு சாட்சி, 'என் கண்ணுக்கு வேகமாகத் தெரிந்தது' என்று சொன்னதை வைத்து மட்டும் யாரையும் தண்டிக்க முடியாது. கருவியால் அளந்திருக்க வேண்டும். அந்தக் கருவி எப்படி இருக்கவேண்டும் என்பதை 2021 ஆகஸ்டில் மத்திய விதிகளில் சேர்த்த 167ஏ விதி சொல்கிறது. கருவிக்கு அங்கீகாரச் சான்று வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இங்கே கண்காணிப்பு உண்டு என்று சாலையில் எச்சரிக்கைப் பலகை வைக்கவேண்டும். அளந்த வேகமும் படமும் நோட்டீசோடு வரவேண்டும், நோட்டீஸ் 15 நாளுக்குள் அனுப்பப்பட வேண்டும் என்று அன்று விதித்தார்கள். விதிகளை அடிக்கடி திருத்துகிறார்கள். ஆகவே பதில் சொல்லும் கெடு எத்தனை நாள் என்பதை உங்கள் நோட்டீசில் அச்சிட்டிருப்பதைப் பார்த்தே நடந்துகொள்ளுங்கள்.

இந்த விதிகளை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வழக்கைத் தொடுத்தவர் ஒரு தமிழர், கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன். 2012-இல் போட்ட வழக்கு. ஒடிந்த எலும்புகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்த ஒரு மருத்துவர் காமிராவைக் கேட்டார் என்பதை நாம் மறக்கக்கூடாது.

அதனால்தான் சொல்கிறேன்: வேகமாகப் போனது உண்மை, படம் சரி, எல்லை சரி என்றால் கட்டிவிடுங்கள். நான் வக்காலத்து வாங்க மாட்டேன். 2022-இல் கேரளச் சாலைகளில் 4,317 பேர் செத்தார்கள்; 2023-இல் 4,080 பேர். 2022-இல் இந்தியா முழுவதும் 1,68,491 சாவுகள். அவற்றில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டவை. செத்தவர்களில் நடந்து போனவனும் சைக்கிளில் போனவனும் உண்டு. அவன் நம் ஆள். காமிரா வேண்டாம் என்று தொழிலாளர் பெயரால் கோஷம் போடுகிறவர்களோடு எனக்கு ஒட்டாது.

ஆனால் வழக்காடும் உரிமை யாருக்குப் பழகியிருக்கிறது என்று பாருங்கள். 2019 ஆகஸ்ட் 3 பின்னிரவில் இதே நகரத்தில் மியூசியம் சாலையோரம் பத்திரிகையாளர் கே.எம். பஷீர் கார் மோதி இறந்தார். ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. எந்தப் பிரிவில் அவர் விசாரணைக்கு நிற்கவேண்டும் என்ற கேள்வி மட்டுமே செஷன்ஸ் கோர்ட், உயர் நீதிமன்றம், 2023-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. குற்றவாளியா இல்லையா என்பதைக் கோர்ட் சொல்லட்டும். அதில் நான் தலையிடவில்லை. படிப்படியாக ஏறி வாதாட அவருக்கு வழி தெரிந்திருந்தது. நம் வேன் டிரைவருக்கோ வஞ்சியூர் கோர்ட் வாசற்படியே பயம்!

அந்தப் பயத்தில் பாதி மொழி. "மலையாளத்தில் கேட்டால் என்ன சொல்வேன்?" என்கிறான். அரசியல் சட்டத்தின் 350-ஆம் பிரிவு, குறை தீர்க்கும் மனுவை நாட்டில் வழங்கும் மொழி எதிலும் எந்த அதிகாரிக்கும் தரலாம் என்கிறது. தமிழில் எழுதிக் கொடுங்கள். வாங்க மறுத்தால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். கோர்ட்டில் சாட்சியம் உங்களுக்கு விளங்காத மொழியில் என்றால், விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்லவேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமே விதிக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

மீதிப் பாதி பயம், கூலி. இதை மறைக்காமல் பேசுவோம். 1500 ரூபாய்க்காக மூன்று வாய்தா போனால் மூன்று நாள் கூலி போயிற்று. வக்கீல் ஃபீஸ் தனி. தனி ஆளாகக் கணக்குப் பார்த்தால் கட்டுவதே லாபம். முதல் படி கோர்ட் அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். காமிரா நோட்டீஸ் மீது அமலாக்கப் பிரிவு ஆர்.டி.ஓ.விடம் ஆட்சேபம் தரலாம் என்று 2023-இலேயே அறிவித்தார்கள். அதற்கு வக்கீல் வேண்டியதில்லை. கெடு தாண்டி, வழக்கு இணையவழிக் கோர்ட்டுக்குப் போனாலும் அங்கே 'ஒப்புக்கொள்கிறேன்', 'வழக்காடுகிறேன்' என்று இரண்டு வழி இருக்கும். வழக்காடுகிறேன் என்றால்தான் மாஜிஸ்ட்ரேட் முன்னால் வரவேண்டும். எதுவும் செய்யாமல் நோட்டீசை மடித்து டாஷ்போர்டில் போட்டுவிடுவதுதான் கெட்ட வழி. நிலுவை ஏறும், வண்டிக் காரியம் ஒவ்வொன்றும் ஆபீசில் முடங்கும்.

டிரைவர் தோழர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வேகக் குற்றம் இரண்டாம் முறை என்றால் ஓட்டுநர் உரிமத்தையே பிடித்து வைக்கச் சட்டம் சொல்கிறது. ஆகவே செய்யாத குற்றத்தை, 'போனால் போகிறது 1500' என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். நோட்டீஸ் வண்டியின் ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கு வருகிறது. ஓட்டியது யார் என்று அதிகாரி கேட்டால் அவர் சொல்லியாக வேண்டும். முதலாளியின் மைத்துனன் ஓட்டிய ஓட்டத்துக்கு உங்கள் பெயரை எழுதிவிட்டார்களா என்று பாருங்கள். நாகர்கோவிலில் பழைய வண்டி வாங்கி, டி.என். 74 பலகையோடு, பெயர் மாற்றாமல் இங்கே ஓட்டுகிறவர்கள் கவனியுங்கள். நோட்டீஸ் பழைய சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும். உங்களுக்குத் தெரிவதற்குள் கெடு முடிந்திருக்கும். விற்றவருக்கும் ஆபத்துதான், விபத்து இழப்பீட்டில் பதிவேட்டில் பெயர் உள்ளவரே சொந்தக்காரர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான இடம். தோவாளையில் பூ ஏற்றுகிறார்கள். விடியுமுன் சாலைக் கடைவீதியில் இறங்கவேண்டும். இல்லையென்றால் பூ வாடும், விலை விழும், நஷ்டம் டிரைவர் தலையில். ஏற்றுவதற்கே தாமதமாகிவிட்டது. "எப்படியாவது போ" என்று வியாபாரி சொல்கிறார். போனான். காமிரா பிடித்தது. அபராதத்தை யார் கட்டினார்? அவன் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். இது ஒருவர் கதையல்ல, இங்கே கை தூக்கச் சொன்னால் பாதிக் கைகள் எழும்பும்.

அதே 183-ஆம் பிரிவு, வேகமாக ஓட்டுகிறவரை மட்டுமல்ல, தன்னிடம் வேலை செய்கிறவரை வேகமாக ஓட்டச் செய்கிறவரையும் குற்றவாளி என்கிறது. எல்லையை மீறாமல் முடிக்க முடியாத ஓட்டத்துக்கு இவ்வளவு நேரம் என்று கெடு விதித்தால், அந்தக் கெடுவே விதித்தவருக்கு எதிரான முதல் சாட்சியம் என்றும் சொல்கிறது. இது சட்டப் புத்தகத்தில் தூங்குகிறது. நோட்டீசை எதிர்ப்பதா வேண்டாமா என்பதோடு, யார் கட்டுவது என்று வியாபாரியோடு பேசுவதும் நம் வேலை. தனியாகப் போய்ப் பேசினால் நாளைக்கு வேறு டிரைவர். பத்துப் பேர் சங்கத்தின் பேரில் போனால் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஆகவே ஒரு யோசனையை முன்வைக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, சங்க அறையில் இரண்டு பேர் உட்காரட்டும். ஒருவர் மலையாளம் படிக்கத் தெரிந்தவர், ஒருவர் சட்டம் தெரிந்தவர். நோட்டீஸ், ஆர்.சி. நகல், லைசென்ஸ் நகல் கொண்டு வாருங்கள். சரக்கு ஏற்றிய நேரமும் இறக்கவேண்டிய நேரமும் எழுதிய சீட்டு இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். சீட்டுத் தராத வியாபாரியிடம் இந்த வாரமே கேட்டு வாங்கத் தொடங்குங்கள்.