இருபது வருஷம் லேட்டா கேட்ட குரல்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல ஒரு மாடி ரூம்ல உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல வண்டிச் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க.

"புதுசா என்ன கேம் ஆடுறீங்க ப்ரோ?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. புதுசா ஒண்ணும் இல்லைங்க. ரெண்டு வருஷமா நான் ஆடுறது பெரும்பாலும் 2010க்கு முன்னாடி வந்த கேம்கள்தான். ஸ்கூல் படிக்கும்போது பேரை மட்டும் கேட்டுட்டு, ஆட முடியாமப் போனது எல்லாம். இன்னைக்கு அதைப் பத்திப் பேசலாம்.

முதல்ல, ஏன் விட்டுப்போச்சு? எங்க வீடு அம்மாப்பேட்டை. தறி ஓடுற வீடு. ஃபேர்லேண்ட்ஸ்ல இருந்த கிளாஸ்மேட் வீட்லதான் கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் இருந்துச்சு. நாங்க நாலு பேர் பின்னாடி நின்னு அவன் ஆடுறதைப் பார்ப்போம். 2011 செப்டம்பர்ல தமிழ்நாடு அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கினாங்க. அதுலதான் எங்க வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்துச்சு. ஆனா 2012ல கரண்ட் நிலைமை ஞாபகம் இருக்கும். சென்னைக்கு வெளியே பல ஊர்கள்ல ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல கட். கரண்ட் வந்தா முதல்ல தறி ஓடணும். அப்பா பாவு முன்னாடி நின்னுட்டு இருக்கும்போது, பக்கத்துல உட்கார்ந்து கேம் ஆட யாருக்கு மனசு வரும்?

அந்த லேப்டாப்ல எல்லாரும் ஆடினது ஜிடிஏ வைஸ் சிட்டி. பென் டிரைவ்ல கை மாறி வந்த 'ரிப்' வெர்ஷன். சைஸைக் குறைக்க ரேடியோ பாட்டு, வசனம் எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சிருப்பாங்க. டாமி வாயசைப்பான், சத்தம் வராது. அவன் யாரு, ஏன் கோபமா இருக்கான், எதுவும் தெரியாது. பேன்சர்னு டைப் பண்ணா டேங்க் வரும், ஆஸ்பிரின்னு டைப் பண்ணா ஹெல்த் ஏறும். அவ்வளவுதான் எங்க கதை. அதுல பொம்மை ஹெலிகாப்டரை ஓட்டி, கட்டிட்டு இருக்கிற பில்டிங்குக்குள்ள நாலு குண்டு வைக்கிற மிஷன் ஒண்ணு வரும். ஹெலிகாப்டர் கன்ட்ரோல் நம்பர் பேட்ல இருக்கும். என் லேப்டாப்ல நம்பர் பேடே கிடையாது. ஜோலி முடிஞ்சது.

இப்ப வேலைக்குப் போய், காசு குடுத்து வாங்கி, முழுசா ஆடினேன். கார்ல ஏறின உடனே ரேடியோ பாடுது. அந்த 1986 ஊரே வேற மாதிரி இருக்கு. டாமி பேசுறான். குரல் குடுத்தவர் ரே லியோட்டா, ஹாலிவுட் நடிகர். 2002ல வந்த கேம். அவர் 2022 மே மாசம் இறந்துட்டார். அவர் குரலை நான் முதல்முறையா கேட்டது அதுக்கு அப்புறம்தான். கன்ட்ரோலரைக் கீழே வெச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அதனால எனக்கு இதை நாஸ்டால்ஜியான்னு சொல்லத் தோணல. இருந்ததைத் திரும்பிப் பார்க்கிறதுக்குப் பேருதான் அது. எனக்குக் கிடைக்கவே இல்லாததை நான் இப்பதான் வாங்கிக்கிறேன்.

இங்கிலீஷும் ஒரு காரணம். தமிழ் மீடியம் பையனுக்கு சப்டைட்டில் ஓடுற வேகத்துல பாதிகூடப் புரியாது. ஹாஃப் லைஃப் 2, 2004ல வந்தது. ரயில்ல வந்து ஊருக்குள்ள இறங்குறோம். ஒரு காவலாளி வேணும்னே கேனைக் கீழே தட்டிவிட்டு, எடுத்துக் குப்பைத்தொட்டில போடுன்னு மிரட்டுறான். துப்பாக்கி கைக்கு வரதுக்கு முன்னாடியே, இந்த ஊர் யார் கையில மாட்டியிருக்குன்னு புரிஞ்சிடுது. பதினஞ்சு வயசுல ஆடியிருந்தா இதைத் தாண்டி ஓடியிருப்பேன். இப்போ ஆபீஸ்ல நாலு வருஷம் குப்பை கொட்டினதுக்கு அப்புறம், அந்தக் கேன் நல்லாவே புரியுது!

சரி, ஆரம்பிக்கிறவங்களுக்கு மூணு விஷயம் சொல்றேன். ஒண்ணு, லட்ச ரூபாய் பிசி வேண்டாம். ஆபீஸ் லேப்டாப் மாதிரி சாதாரண மெஷின்லயே இந்தக் கேம்கள்ல பெரும்பாலானது ஓடும். ஸ்டீம்ல 2015லேர்ந்து ரூபாய்லயே விலை போடுறாங்க. சேல் வரும்போது பழைய கேம் ஒரு சினிமா டிக்கெட் விலைக்குக் கிடைக்கும். ரெண்டு, பெரிசுல கை வைக்காதீங்க. 2007ல வந்த போர்ட்டல்ல ஆரம்பிங்க. நாலு மணி நேரத்துல முடிஞ்சிடும், ரெண்டு ஞாயித்துக்கிழமை போதும். மூணு, லிஸ்ட் போட்டு டிக் அடிக்காதீங்க. ரெண்டு மணி நேரம் ஆடியும் பிடிக்கலையா, விட்டுடுங்க. பழைய கன்ட்ரோல் நிஜமாவே படுத்தும். எல்லாரும் கொண்டாடினாங்கன்னு நாமளும் கஷ்டப்படணும்னு சட்டம் இல்ல.

"எப்ப வேணும்னாலும் ஆடிக்கலாமே, என்ன அவசரம்?"னு கேட்பீங்க. 2023ல வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அமெரிக்காவுல 2010க்கு முன்னாடி வெளியான கேம்கள்ல 87 சதவீதம் இப்போ கடையில வாங்கவே கிடைக்காது. கிடைக்கிறதும் அப்படியே கிடைக்கிறதில்ல. லைசென்ஸ் முடிஞ்சதால வைஸ் சிட்டியோட பிற்கால வெர்ஷன்கள்ல சில பாட்டு காணோம். 'தி க்ரூ'ன்னு ஒரு கார் ரேஸ் கேம், 2014ல வந்தது. 2024 மார்ச் 31ல யூபிசாஃப்ட் சர்வரை நிறுத்தினாங்க. தனியா ஆடுற கதைக்கும் சர்வர் வேணும்ங்கிறதால, காசு குடுத்து வாங்கினவங்களாலகூட அதுக்கப்புறம் ஆட முடியல. என் கணக்கு ரொம்ப சிம்பிள். டிஸ்க்லயோ ஹார்ட் டிரைவ்லயோ முழுசா இருக்கிற கேம் நமக்காகக் காத்திருக்கும். சர்வரை நம்பி இருக்கிறது காத்திருக்காது. ஆசை இருந்தா அதை முதல்ல ஆடுங்க.

சில கேம் நம்மளத் தேடியும் வரும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, 1999ல வந்தது. 2022 ஏப்ரல்ல 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா'ன்னு புதுப் பகுதி சேர்த்தாங்க. அதுல திராவிடர்னு ஒரு நாகரிகம், சுருள்வாள் வீரர்கள், திரிசடைன்னு கப்பல், ராஜேந்திர சோழன் பேர்லயே ஒரு கேம்பைன். ஆளை க்ளிக் பண்ணா தமிழ்ல பதில் சொல்றான். போன தீபாவளிக்கு வீட்ல ஆடிட்டு இருந்தப்போ, அப்பா பின்னாடி வந்து நின்னார். "யாருடா தமிழ் பேசுறது?"ன்னார். சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "கப்பலைக் கரைக்கு ஓட்டு, அங்க ஆளு நிக்குறான் பாரு"ன்னார். அரை மணி நேரம் நகரவே இல்ல.

"இந்த வயசுல கேமா?"ன்னு உங்க வீட்டுலயும் கேட்பாங்க. சின்ன வயசுல கிடைக்காத புக்கை இப்போ வாங்கிப் படிச்சா யாரும் அப்படிக் கேட்கிறதில்ல. இதுவும் அதே மாதிரிதான்னு சொல்லிப் பாருங்க. அதுக்கும் திட்டினா, ஒரு சேர் பக்கத்துல போட்டு உட்கார வைங்க.

இந்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலை. சின்ன வயசுல பின்னாடி நின்னு வேடிக்கை மட்டும் பார்த்த கேம் எதுன்னு யோசிச்சு, அதை எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல படிக்கிறேன். வரட்டுங்களா.