தோள் அடியும் உள்ளே மறையும் சேதமும்

(தோட்டக் கிளைச் சங்கக் கூட்டத்தில் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச வந்தது சம்பளத்தைப் பற்றியல்ல. அந்தச் சம்பளத்தைச் சம்பாதித்துத் தரும் தோளைப் பற்றி. நம் பாட்டன் காலத்தில் காண்டா வாளி சுமந்து தோள் காய்த்தது. இன்று மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. மழை பெய்த செம்மண் சரிவில், பின்னால் பால் பாரத்தோடு வண்டி சறுக்கினால், பல வேளைகளில் முதலில் தரையில் மோதுவது தோளின் முனைதான்.

அங்கே காறை எலும்பின் நுனியும் தோள்பட்டை எலும்பின் மேல் விளிம்பும் சந்திக்கும் சிறு மூட்டு ஒன்று உண்டு. மூட்டைச் சுற்றி ஒரு நார்க்கட்டும், அதற்குக் கீழே பலமான இரண்டு நார்களும் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. கீழ்நார்களும் அறுந்துபோனால் கையின் பாரம் தோளைக் கீழே இழுத்துவிடும். காறை எலும்பு மேலே புடைத்தாற்போல் தெரியும். வைத்தியர்கள் இந்தச் சேதத்தை 6 தரமாகப் பிரிக்கிறார்கள். முதல் 2 தரத்திற்குக் கையைத் தொங்கக் கட்டி ஓய்வும் பயிற்சியும் கொடுத்தால் போதும். 3-ஆம் தரத்தையும் பெரும்பாலும் முதலில் அப்படியே கவனிப்பார்கள். அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஆப்பரேஷன் செய்வதே வழக்கம்.

புடைப்பு கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாத சேதம் ஒன்று உண்டே, அதுதான் நம்மை ஏமாற்றுகிறது. அதே அடியில், கையைத் தூக்கித் திருப்பும் தசைகளின் நாண் கிழியலாம். தோள் குழியைச் சுற்றியுள்ள குருத்து வளையமும் பிய்யலாம். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், 3 முதல் 5 வரையான தரத்து அடிபட்ட 77 பேரைக் குழாய்க் கருவி விட்டுப் பார்த்தபோது, 14 பேருக்குத் தோளின் உள்ளே வேறு காயமும் இருந்தது. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். நாணையும் குருத்தையும் காட்டாது. அதற்கு ஸ்கேன் வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் நடந்ததைச் சொல்லுகிறோம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் நிரைக்குப் போகும் வழியில் விழுந்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள், கையைக் கட்டினார்கள், சில வாரத்தில் வேலைக்கு அனுப்பினார்கள். மேல்பட்டை வெட்ட உளியை உயர்த்தினால் கை நடுங்கிற்று. இரவில் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியவில்லை. “வேலைக்குக் கள்ளம்” என்று பேசியவர்களும் உண்டு. மாதங்கள் கழித்து ஸ்கேனில் நாண் கிழிந்திருப்பது தெரிந்தது. விழுந்ததால் கிழிந்ததா, வயதால் தேய்ந்ததா என்ற கேள்வி அப்போது எழுந்தது. விபத்துப் புத்தகத்தைப் புரட்டினால் “தோள் சுளுக்கு” என்று இரண்டே சொல். தோழர்களே, அதை எழுதியது எங்கள் கைதான்! அந்த இரண்டு சொல்லால் அவர் நெடுநாள் அலைந்தார். கை பழையபடி ஆகவில்லை.

ஆகவே வெட்டுத் தொழிலாளருக்குச் சொல்லுகிறோம்: வலியை மறைக்காதீர்கள். தோளில் அடிபட்டுக் கை மரத்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நரம்போ விலாவோ அடிபட்டிருக்கலாம். வீக்கம் வற்றிய பிறகும் கையைத் தூக்க முடியாவிட்டால், இரவு வலி தீராவிட்டால், “உள்ளே நாண் கிழிந்திருக்குமா, ஸ்கேன் வேண்டுமா?” என்று வைத்தியரைக் கேளுங்கள். கேட்பது குற்றமல்ல.

கிராணிமார்களே, நமக்கும் கடமை உண்டு. எங்கே, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமாக விழுந்தார், கையை எவ்வளவு உயர்த்த முடிந்தது என்று அன்றே எழுதுவோம். நோயின் பெயரை வைத்தியர் எழுதட்டும்.

1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். வீட்டிலிருந்து நேர்வழியில் வேலைக்கு வரும்போது விழுந்தாலும் பாதுகாப்பு உண்டு. வைத்திய விடுப்பு 4 நாளுக்குக் குறையாதிருந்தால், சராசரி நாட்கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் விபத்துப் பாதுகாப்பு உண்டு. பக்கத்து நிரையில் வெட்டும் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

மரத்தில் காயம் ஆழமாகப் பட்டால் பட்டை முண்டு முண்டாக வளர்ந்து என்றும் காட்டிக்கொடுக்கும். மனிதன் தோளில் பட்ட காயமோ தோலுக்குள் ஒளிந்துகொள்ளும். அதைத் தேடிப் பார்ப்போம். உள்ளதை உள்ளபடி எழுதுவோம்.