கத்தியை எண்ணிக் கொடுக்கிறவன்



பத்து நிமிஷம் பேசுங்கள் என்று வாசகர் வட்டச் செயலாளர் போனில் கூப்பிட்டார். மேடை ஏறும்போது காதோடு காதாக ‘ஏழு நிமிஷம்’ என்கிறார். திருநெல்வேலிக்காரன் அல்வா கொடுப்பான் என்று ஊரே சொல்லும். சொந்த ஊர்க்காரனுக்கே கொடுப்பான் என்று இன்றைக்குத்தான் பார்க்கிறேன். கை தட்டாதீங்க, அந்த நேரத்தையும் என் கணக்கில் எழுதிவிடுவார்!

அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே ‘இங்கிலாந்து மனநல நிபுணர்’ என்று போட்டிருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சுருக்கமாக ஓ.டி. மனநோயின் பிடியில் பெரிய குற்றம் செய்துவிட்டவர்களை நீதிமன்ற உத்தரவின் பேரில் பூட்டி வைத்து வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவன். அங்கே எனக்கு என்ன வேலை? சோறு பொங்கச் சொல்லிக்கொடுப்பது, மரவேலை சொல்லிக்கொடுப்பது, துணி துவைக்க, பஸ் ஏற, கடையில் சில்லறை எண்ணி வாங்கச் சொல்லிக்கொடுப்பது. என் பெரியம்மா கேட்டாள்: “ஏல, இதுக்காலே வட்டிக்கு வாங்கிப் படிச்சிட்டு சீமைக்குப் போன?” இன்றைக்கு அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். பெரியம்மா, பதில் சொல்லத்தான் வந்திருக்கேன்.

பாளையங்கோட்டைக்காரர்களுக்கு ஜெயிலைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மத்திய சிறையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பள்ளிக்கூடமும் காலேஜும் நடத்துகிற ஊர். ஆனால் நான் சொல்வது ஜெயில் இல்லை. ஜெயிலில் தேதி இருக்கும். ஏழு வருஷம் என்றால் சுவரில் கோடு கிழிக்கலாம். இங்கே பெரும்பாலும் தேதியே கிடையாது. குணமாகி, இனி ஆபத்தில்லை என்று ஆகிற வரைக்கும் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் 1983ஆம் வருஷத்து மனநலச் சட்டம். அதில் 37, 41 என்று இரண்டு பிரிவுகள். அந்த இரண்டும் சேர்ந்து ஒருத்தன் மேல் விழுந்தால், ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டிப் பெட்டிக்கடைக்குப் போகக்கூட நீதி அமைச்சகம் சம்மதிக்க வேண்டும். பாதுகாப்பில் உயர்ந்தது, நடுத்தரம், குறைந்தது என்று மூன்று படி. உயர்ந்த படியில் இங்கிலாந்துக்கே மூன்று ஆஸ்பத்திரிதான்: பிராட்மூர், ராம்ப்டன், ஆஷ்வொர்த். பிராட்மூர் 1863ல் திறந்தது. 1952ல் அங்கிருந்து ஒருத்தன் சுவர் ஏறித் தப்பி, சில மணி நேரத்துக்குள் ஒரு சிறுமியைக் கொன்றுவிட்டான். அதற்குப் பிறகு அந்த வட்டாரம் முழுக்க அபாயச் சங்கு வைத்தார்கள். விக்கிரமசிங்கபுரத்து மில் சங்கு மாதிரி, பல வருஷம் திங்கட்கிழமைதோறும் காலை 10 மணிக்கு ஊதிப் பார்த்தார்கள். ஊர்க்காரர்களின் பயம் சும்மா வந்த பயம் இல்லை. அதை நான் மறைக்க மாட்டேன்.

பிராட்மூர் என்று வாயில் வந்துவிட்டது. தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று பெயர் வாங்கின ஊரில் நிற்கிறேன். ஆக்ஸ்போர்டு அகராதிக் கதையைச் சொல்லாமல் இறங்கினால் இங்கே இருக்கிற தமிழாசிரியர்கள்கூட என்னை மன்னிக்க மாட்டார்கள்.

வில்லியம் செஸ்டர் மைனர். அமெரிக்கர், ராணுவ டாக்டர். ராத்திரி ஆனால் யாரோ அறைக்குள் புகுந்து தன்னை வதைக்கிறார்கள் என்று நம்பிய மனுஷன். 1872 பிப்ரவரி, லண்டனில் லாம்பெத் பகுதி, விடியாத நேரம். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஜார்ஜ் மெரெட் என்ற தொழிலாளியை, தன் அறைக்குள் புகுந்த எதிரி என்று நினைத்துத் துரத்திச் சுட்டுவிட்டார். மெரெட் ஒரு பாவமும் அறியாதவன். மதுபான ஆலையில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். வீட்டில் ஆறு பிள்ளைகள், மனைவி வயிற்றில் ஏழாவது. மைனரைப் பிராட்மூருக்கு அனுப்பினார்கள்.

அந்தச் சமயத்தில் அகராதி ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே பொதுமக்களிடம் கேட்டார்: பழைய புத்தகங்களைப் படியுங்கள், ஒவ்வொரு சொல்லும் எங்கே எப்படி வந்திருக்கிறது என்று சீட்டில் எழுதி அனுப்புங்கள். பூட்டின அறைக்குள் இருந்து மைனர் எழுதினார். ஆயிரக்கணக்கில் எழுதினார். ஏறக்குறைய இருபது வருஷம் எழுதினார். இன்னொன்று கேளுங்கள். செத்துப்போன மெரெட்டின் மனைவி எலைசா, அந்த மனுஷனைப் போய்ப் பார்த்தாள். தன் புருஷனைக் கொன்றவனுக்குக் கொஞ்ச காலம் புத்தகம் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள்! இதற்குக் கை தட்டலாம். இது என் கணக்கில் வராது, அந்தத் தாயின் கணக்கு.

அகராதி எழுதினார், நோய் தீர்ந்ததா? தீரவில்லை. 1902ல் தன் உடம்பையே கத்தியால் அறுத்துக்கொண்டார். 1910ல் உள்துறை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் உத்தரவு போட்ட பிறகுதான் அமெரிக்காவுக்குப் போனார், அங்கேயும் ஆஸ்பத்திரிதான். ராத்திரி நோயிடம் இருந்தது. பகலை மட்டும் அந்த வேலை பிடுங்கி அவர் கையில் கொடுத்தது. வேலை வைத்தியத்துக்கு மாற்று என்று நான் சொல்லவே மாட்டேன். மாத்திரையும் வேண்டும், வேலையும் வேண்டும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன்? ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். கன்னத்தில் ஒட்டின மைக்கோடு மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார்கள். ‘எண்ணம் போல் வாழ்வு, மாத்திரையைத் தூக்கிப் போடு’ என்பார்கள். காதுக்குள் இருபத்துநாலு மணி நேரமும் ‘அவன் உன்னைக் கொல்ல வர்றான், நீ முந்திக்கோ’ என்று குரல் கேட்கிறவனிடம் போய், ‘பாசிட்டிவா நினைங்க’ என்றால் அவன் எதை நினைப்பான்? அந்தப் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தினவன் வீட்டில் என்ன நடக்கும் என்று எங்களைக் கேளுங்கள். நாங்கள்தான் மிச்சத்தைப் பார்க்கிறவர்கள். அவர் ஒரு மணி நேரம் பேச வாங்குகிற தொகையில் எங்கள் பட்டறைக்கு ஒரு வருஷத்துப் பலகை வாங்கிப் போடலாம்! மனசுக்கு மாத்திரை தேவையில்லை என்று முழங்குகிற அதே மகான், சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டுதானே மேடை ஏறுகிறார்? அதையும் எண்ணத்திலேயே கரைத்துவிடலாமே!

சரி, சரி. எங்கே விட்டேன்? அவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கே பாட்டரி தீராது. யாழ்ப்பாணத்து அண்ணனைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

எங்கள் வார்டில் நர்சுகளுக்கு உதவியாளராக இருந்தவர். ஊரில் கணக்கு வாத்தியார். சண்டைக் காலத்தில் இங்கிலாந்துக்கு வந்தவர். பெயர் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியமே வாங்கியிருக்கிறார். பட்டம், பதவி, அறை, பெயர்ப்பலகை எதுவும் இல்லாத மனுஷன்.

ஒரு பையன் வந்து சேர்ந்தான். ஆளையும் அடையாளத்தையும் மாற்றித்தான் சொல்கிறேன். செய்தது சின்னக் காரியம் இல்லை, வீட்டுக்குள்ளேயே நடந்தது. மாதக்கணக்கில் ஒருத்தரிடமும் வாய் திறக்கவில்லை. டாக்டர் கேட்டார், சைக்காலஜிஸ்ட் கேட்டார், நானும் ‘உனக்கு என்ன செய்யப் பிடிக்கும்’ என்று படிவத்தோடு போய் உட்கார்ந்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். அண்ணன் சொன்னார்: “தம்பி, அவன் கதைக்கேல்லை எண்டு நீர் ஏன் அந்தரப்படுறீர்? பேசாமல் பக்கத்திலை இருந்து வெங்காயம் உரியும்.”

வார்டு அடுக்களையில் ஒரு கிண்ணம் வெங்காயத்தோடு அவர் உட்காருவார். சிகிச்சை என்று அறிவிப்பு இல்லை, பேச்சு இல்லை. அவர் பாட்டுக்கு உரிப்பார். சில வாரம் கழித்து அந்தப் பையன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒன்றை எடுத்தான். கத்தி கொடுக்கிற கட்டம் இன்னும் வரவில்லை, அதனால் நகத்தால் உரித்தான். தோலைச் சிதற விடாமல் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினான். பத்துப் பன்னிரண்டு உரித்திருப்பான். ஒன்றை எடுத்து அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டிச் சொன்னான்: “இது அழுகல்.” அதுதான் அவன் பேசின முதல் பேச்சு! அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டு, “ஓம், அழுகல்தான்” என்று தூரப் போட்டார். அவ்வளவுதான். வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தார்.

அதற்குப் பிறகுதான் கத்தி. அய்யா, இந்தக் கத்தி விஷயத்தைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். அலமாரிக்குள் ஒரு பலகை. ஒவ்வொரு கத்தியின் உருவத்தையும் அதில் வரைந்திருப்போம். கத்தியை எடுத்தால் அந்த இடத்தில் வெறும் நிழல் தெரியும். எடுக்கும்போது எண்ணிக் கையெழுத்து, வைக்கும்போது எண்ணிக் கையெழுத்து. ஒன்று குறைந்தாலும் ஒருத்தரும் அறையை விட்டு நகர முடியாது. ஒரு நாள் தோல் சீவுகிற கருவி குறைந்தது. சாம்பார் ஆறிப்போச்சு, நாங்கள் தேடுகிறோம். கடைசியில் குப்பைக் கூடையில் உருளைக்கிழங்குத் தோலுக்குள் கிடந்தது. தேடினவர்களில் முன்னால் நின்றவன் யார்? அந்தப் பையன்தான்.

கொலை செய்தவன் கையில் கத்தியா என்று நீங்கள் கேட்பீர்கள். நான் திருப்பிக் கேட்கிறேன்: எங்கள் கண்ணெதிரே, எண்ணிக் கொடுத்த கத்தியை அவன் எப்படிப் பிடிக்கிறான் என்று பார்க்காமல், நாளைக்கு வெளியே போய் எப்படிப் பிடிப்பான் என்று எந்த நிபுணர் சொல்ல முடியும்? சட்டி தீய்ந்தால் கோபம் எங்கே போகிறது? அடுத்தவன் கரண்டியை எடுத்தால் பொறுக்கிறானா? ராத்திரி சரியாகத் தூங்காத நாளில் கை நடுங்குகிறதா? இதெல்லாம் கேள்வித்தாளில் வராது, அடுப்படியில் வரும். அதைப் பார்த்து எழுதுகிற வேலை என் வேலை. பெரியம்மா, இதுக்குத்தான் சீமைக்குப் போனேன்!

ஆனால் மரியாதை? வாராந்தரக் கூட்டத்தில் டாக்டர் அரை மணி நேரம், அடுத்தவர் கால் மணி நேரம், எல்லோரும் எழுந்து நாற்காலியைத் தள்ளும்போது ‘ஓ.டி. ஏதாவது சொல்றீங்களா, சுருக்கமா?’ அங்கேயும் ஏழு நிமிஷ அல்வாதான், செயலாளர் அவர்களே! வாரத்துக்கு 25 மணி நேரம் உருப்படியான செயல்பாடு கொடுக்க வேண்டும் என்று அங்கே ஒரு அளவுகோல் உண்டு. ஆள் பற்றாக்குறை வந்தால் முதலில் ரத்தாவது எது? எங்கள் வகுப்பு. பூட்டுக்கு ஆள் உண்டு, சாவிக்கும் ஆள் உண்டு, பூட்டைத் திறந்து வெளியே விடுகிற நாளுக்கு மனுஷனைத் தயார் பண்ணத்தான் ஆள் இல்லை.

இன்னொரு ஆள், வயசானவர். பல வருஷம் கழித்துக் கடைக்குப் போக அனுமதி வந்தது. இரண்டு பேர் துணைக்கு. பால் வாங்க வேண்டும், அவ்வளவுதான். சட்டைப் பையில் பழைய பர்ஸ். கல்லாவில் பவுண்டு நாணயங்களை எடுத்து வைத்தார். கல்லாவில் இருந்த பெண் தள்ளிவிட்டாள். பழைய வட்டப் பவுண்டு 2017 அக்டோபரோடு செல்லாது என்று ஆகிவிட்டதே! மனுஷன் உள்ளே இருக்கும்போதே காசு செத்துப்போச்சு. நமக்கு 2016 நவம்பரில் நோட்டு செல்லாது என்று டிவியில் வந்து சொன்னார்கள். வரிசையில் நின்றோம், ஆளுக்கு ஆள் திட்டிக்கொண்டோம். அவருக்கு யார் சொன்னது? யாழ்ப்பாணத்து அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? காசு கொடுத்துக் காரியத்தை முடிக்கவில்லை. அவரை வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நிற்க வைத்து, அந்த நாணயங்களை அவர் கையாலேயே கணக்கில் கட்ட வைத்து, புதுக் காசோடு மறுபடி அதே கடைக்கு! பால் வந்தது. அன்றைக்கு வார்டில் எல்லோருக்கும் டீ போட்டது அந்த மனுஷன்தான்.

முன்வரிசையில் ஒரு அண்ணாச்சி முணுமுணுக்கிறார்: “செத்தவன் வீட்டுக்கு யார் டீ போடுவா?” சத்தமாகவே கேளுங்க அண்ணாச்சி, நியாயமான கேள்வி. மெரெட்டின் பிள்ளைகளுக்கு எந்த அகராதியும் அப்பனைத் திருப்பிக் கொடுக்காது. ஆனால் உள்ளே போனவர்களில் மிகப் பலர் ஒரு நாள் வெளியே வரத்தான் செய்வார்கள். நம் தெருவுக்கு, நம் பஸ்ஸுக்கு. அவன் மாத்திரை போடத் தெரிந்தவனாய், சமைத்துச் சாப்பிடத் தெரிந்தவனாய், கோபம் வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்தவனாய் வர வேண்டுமா, பத்து வருஷம் சுவரை வெறித்துவிட்டு வர வேண்டுமா? அடுத்த மெரெட் சாகாமல் இருப்பது அதில் இருக்கிறது.

நம் நாட்டுக்கு வருகிறேன். அசாமில் மச்சாங் லாலுங் என்று ஒருத்தர். 1951ல் பிடித்தார்கள், தேஜ்பூர் மனநல ஆஸ்பத்திரியில் போட்டார்கள். 1967ல் டாக்டர்கள் இவர் நன்றாக இருக்கிறார் என்று எழுதினார்கள். வீட்டுக்கா அனுப்பினார்கள்? ஜெயிலுக்கு! விசாரணையே இல்லாமல் கிடந்து 2005ல் வெளியே வந்தார். 54 வருஷம்! ஜாமீன் தொகை எவ்வளவு தெரியுமா? ஒரு ரூபாய். இரண்டே வருஷத்தில், 2007ல் செத்துப்போனார். நம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, சங்கிலியோடு மனநோயாளிகள் 28 பேர் தீயில் வெந்ததை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா?

சட்டம் இல்லாமல் இல்லை. புத்தி சுவாதீனம் இல்லாமல் செய்தது குற்றம் ஆகாது என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆவது பிரிவு 1860லேயே சொன்னது; இன்றைக்கு அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 22ஆவது பிரிவு. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 103ஆவது பிரிவு, மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது மனநல சிகிச்சைப் பிரிவு வேண்டும் என்கிறது. எங்கள் ஓ.டி. வேலைக்குப் படிப்பும் இருக்கிறது, மும்பையில் 1950லேயே கமலா நிம்ப்கர் தொடங்கி வைத்துவிட்டார். கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியில் நோயாளிகள் ரொட்டி சுட்டுக் காட்டியிருக்கிறார்கள். அப்புறம் என்ன குறை? கேட்கிற வாய்தான் குறை!

சீட்டு வந்துவிட்டது. ‘முடிக்கவும்’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள். முடிக்கிறேன், இரண்டு வேண்டுகோள். ஒன்று: பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகளைப் பெற்றவர்களே, டாக்டர், எஞ்சினீயர் என்று இரண்டே வாசலில் முட்டாதீர்கள்; இந்த வாசலுக்கும் பிள்ளைகளை அனுப்புங்கள். இரண்டு: நம் ஊர்ச் சிறைக்குள் எத்தனை மனநோயாளிகள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பகல் பொழுதில் என்ன வேலை கொடுக்கிறீர்கள் என்று கேட்டு, இந்த வாசகர் வட்டத்து உறுப்பினர்களின் பெயரால் இன்றைக்கே ஒரு தகவல் உரிமை மனு போட வேண்டும். கையெழுத்து முதல் ஆளாக நான் போடுகிறேன், இரண்டாவது என் பெரியம்மா. சம்மதம் என்றால் கை தட்டுங்கள். எனக்கு வேண்டாம், பெயர் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கின அந்த யாழ்ப்பாணத்து அண்ணனுக்குத் தட்டுங்கள். இன்னும் பலமாக! இப்போது யார் பேனா கொடுக்கிறீர்கள்? செயலாளர் அவர்களே, உங்கள் பையில் இருக்கிற சிவப்புப் பேனாவே போதும், கொடுங்கள்.