பழைய லேத்துக்கு மோட்டார் பூட்டும் முறை

(கிராமக் கைத்தொழிலாளர் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு நிகழ்த்திய பிரசங்கம்)



உழவனுக்கு ஏர் எவ்விதமோ, இரும்பு வேலை செய்யும் தொழிலாளிக்கு லேத்து என்னும் கடைசல் யந்திரமும் அவ்விதமேயாகும். பைகாரா நீர்மின்சார நிலையம் 1932-ஆம் வருஷத்திலும், மேட்டூர் நிலையம் 1937-ஆம் வருஷத்திலும் வேலை தொடங்கிய பின்னர், கோயம்புத்தூர் ஜில்லாக் கிணறுகளில் மின்சாரப் பம்புகள் பெருகலாயின. பம்புகள் பெருகவே, தேய்ந்த தண்டையும் புஷ்ஷையும் கடைந்து கொடுக்கும் பட்டறைகளும் வேண்டியனவாயின. காலால் மிதித்து ஓட்டிய சிறு லேத்துக்கு மோட்டார் பூட்டினால் உழைப்புக் குறையும், வருமானம் கூடும் என்று தொழிலாளி எண்ணுவது இயல்பே.

அவ்வாறு எண்ணிச் சங்கத்தில் கடன் கேட்கும் அங்கத்தினர் ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்வோம். அவர் முதலில் மோட்டாரை விலை பேசுவார். இது தலைகீழான முறை. கால்மிதி லேத்தில் உளி சிக்கினால் கால் தானே நிற்கும், யந்திரமும் நிற்கும். மோட்டாருக்கு அந்தத் தயவு கிடையாது. ஆகையால் முதலில் லேத்தையும், அடுத்தபடி வேகத்தையும், கடைசியில் மோட்டாரையும் கவனிக்க வேண்டும்.

லேத்தைச் சோதிப்பது எளிது. சக்கில் ஒரு முழ நீளமுள்ள இரும்புக் கம்பியைப் பிடித்து, மேலும் கீழும் நெம்பிப் பார்க்க வேண்டும். தண்டு ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது என்று அறியலாம். அதைச் சரிசெய்யாமல் மோட்டார் பூட்டுவது வீண் செலவு. எண்ணெய்த் துவாரங்களிலுள்ள பழைய அழுக்கையும் அகற்ற வேண்டும்.

இனி வேகம். கிராமங்களில் சாதாரணமாகக் கிடைக்கும் அரைக் குதிரைசக்தி மோட்டார் நிமிஷத்துக்குச் சுமார் 1440 சுற்றுச் சுற்றும். இதை நேரே லேத்துடன் இணைத்தால் உளி கருகும். பழைய புஷ்ஷும் சூடேறும். ஆகவே இரண்டுக்கும் நடுவே இடைத்தண்டு ஒன்று அமைக்க வேண்டும். மோட்டாரில் 3 அங்குலக் கப்பியும், இடைத்தண்டில் 12 அங்குலக் கப்பியும் இருந்தால், 1440-ஐ 3-ஆல் பெருக்கி 12-ஆல் வகுக்க, இடைத்தண்டின் வேகம் 360 ஆகும். லேத்தின் படிக்கப்பி 6, 4½, 3 அங்குலமாயின், அதே அளவுள்ள படிக்கப்பியை இடைத்தண்டில் மாற்றித் திருப்பி வைக்க வேண்டும். அப்போது 180, 360, 720 என மூன்று வேகங்கள் கிடைக்கும். எதிரெதிர்ப் படிகளைக் கூட்டினால் எங்கும் 9 அங்குலமே வருவதால், ஒரே பெல்ட்டு மூன்று படிகளுக்கும் பொருந்தும்.

அதிவேக எஃகு உளியால் ஓர் அங்குல மெல்லிரும்பைக் கடைய 360 பொருத்தம். இரண்டு அங்குலத்துக்கு 180. சிறு பித்தளைச் சாமான்களுக்கு 720. நாலு அங்குல இரும்புக்கு 180-உம் அதிகமே. லேத்தில் வேகத்தைக் குறைக்கும் பல்சக்கர அமைப்பு இருந்தால் மட்டுமே அவ்வேலையை ஏற்கலாம்.

மோட்டாருக்கும் இடைத்தண்டுக்கும் இடையே V வடிவப் பெல்ட்டு நல்லது. அது கப்பிப் பள்ளத்தின் இரு பக்கங்களையும் பற்றியே இழுக்கும். அடியைத் தொட்டால் வழுக்கும். இரு தண்டுகளுக்கும் நடுத்தூரம் 24 அங்குலமானால், மேற்சொன்ன கப்பிகளுக்குப் பெல்ட்டின் நீளம் சுமார் 72½ அங்குலம் வேண்டும். கப்பிகளின் முகத்தில் ஒரு நூலை இழுத்துப் பிடித்து, இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்; கோணினால் பெல்ட்டு ஓரம் தேயும். மோட்டாரைக் கீல் வைத்த பலகைமேல் பூட்டினால் பெல்ட்டின் இறுக்கத்தைத் திருத்துவது சுலபம். நடுவே விரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் அமுங்குவது போதும். அதிகம் இறுக்கினால் புஷ்கள் சூடேறிக் கெடும்.

பெல்ட்டு மாட்டுமுன் மோட்டார் சுற்றும் திசையைச் சோதிக்க வேண்டும். லேத்தின் மேற்பாகம் வேலை செய்பவரை நோக்கி வரவேண்டும். எதிர்த்திசையில் ஓடினால், மரையில் ஏற்றிய சக்கு கழன்று விழக்கூடும். கம்பி மாற்றும் வேலையை மின்சாரத் தொழில் தெரிந்தவரே செய்ய வேண்டும். பூமிக் கம்பியும் அவசியம்.

கிராமத்தில் மின்சாரம் நின்று நின்று வருவதை யாவரும் அறிவர். நின்ற சமயத்தில் சுவிட்சை மூடாமல் சக்கில் கை வைத்தவர், மின்சாரம் திரும்பிய கணத்தில் விரலை இழக்கலாம். ஆகையால் மின்சாரம் நின்றவுடன் தானே விடுபட்டு, மறுபடி கையால் அழுத்தினாலன்றி ஓடாத ஸ்டார்ட்டரே வேண்டும். அது வேலை செய்பவரின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பெல்ட்டையும் கப்பிகளையும் தகட்டாலோ கம்பி வலையாலோ மூட வேண்டும். ஓடும் பெல்ட்டைக் கையால் படி மாற்றலாகாது. தோளில் துண்டும் தொங்கும் சட்டைக் கையும் ஆகாது. சக்குச் சாவியைச் சக்கிலேயே விட்டு மோட்டாரைப் போடலாகாது.

கடன் மனுவில் மோட்டாரின் விலை மட்டும் எழுதப்பட்டிருந்தால் பஞ்சாயத்தார் அதைத் திருப்பி அனுப்புவது நலம். புஷ் பழுது, இடைத்தண்டு, ஸ்டார்ட்டர், பூமிக் கம்பி, காப்பு மூடி ஆகிய யாவும் மனுவில் சேர வேண்டும். கடைசித் தவணை கொடுக்குமுன் இருவர் பட்டறைக்குச் சென்று, மூடி போட்டிருக்கிறதா என்று நேரில் பார்க்க வேண்டும். மூடிக்கு ஆகும் செலவு சொற்பம். விரல் போன தொழிலாளியால் கடனைத் தீர்க்கவும் முடியாது. அவர் குடும்பத்துக்குச் சங்கம் சொல்லக்கூடிய ஆறுதலும் இராது.